தோலோடுதான் சாப்பிட வேண்டும்

எனக்கு வாய் நீளம். இதை மற்றவர்கள் சொன்னால் கோபம் வரும், அதனால் நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். இந்த வாயால்தான் என் மனைவி பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் அக்கா வீட்டுக்குப் போனாள், திரும்பி வரவில்லை. பெரிய சண்டை ஒன்றும் கிடையாது. அவள் வைக்கிற குழம்பில், கட்டுகிற துணியில், எழுதுகிற கடிதத்தில் என்று தினம் ஒரு பிழை கண்டுபிடித்துச் சொன்னேன். அவ்வளவுதான்.

தொழில் அப்படி. மருந்துப் பெட்டி, சோப்பு, பிஸ்கட் எதுவானாலும் மேலே ஒட்டுகிற லேபிள் அச்சுக்குப் போகுமுன் என் மேஜைக்கு வர வேண்டும். ஒரு புள்ளி தப்பாக இருந்தாலும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவேன். முப்பது வருஷம் அதற்குத்தான் சம்பளம். என் மேஜையைத் தாண்டிப் போன லேபிளில் எவனும் குறை சொன்னது கிடையாது. இந்தப் பெருமையை நான் யாரிடம் சொல்லவில்லை என்றுதான் கேட்க வேண்டும்.

மகள் என்னோடு தங்கிவிட்டாள். இப்போது மருந்துக்கடையில் வேலை. அவளுக்குப் பார்த்திருக்கும் பையன், அதாவது அவளே பார்த்துக்கொண்ட பையன், கப்பலில் எலக்ட்ரீஷியன். கரைக்கு வர இன்னும் மூன்று மாதம் ஆகும். அதற்குள் அவனுடைய அப்பாவும் அம்மாவும் ஒருமுறை நம் வீட்டுக்கு வந்துவிட்டுப் போகட்டும் என்று பேச்சு வந்தது. அப்பா பஸ் டிரைவர். அம்மா இருபத்தைந்து வருஷமாகத் தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை செய்கிறவர்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் மகள் என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவங்கள மட்டம் தட்டிடாதீங்க."

"நான் எப்ப யாரை மட்டம் தட்டினேன்?"

"அம்மா இப்ப எங்க இருக்காங்க?"

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"அவங்க ரொம்ப சாதாரணமானவங்கப்பா. ஒரு வார்த்தை ஏடாகூடமா வந்தாலும் எதுத்துப் பேச மாட்டாங்க. ஆனா அதுக்கப்புறம் இந்த வீட்டுப் படி ஏற மாட்டாங்க. அவங்க ஏறாத வீட்டுக்கு நான் மட்டும் எப்படி வந்து போறது? யோசிச்சுப் பாருங்க."

யோசித்தேன். மனைவி போய்விட்டாள், இவளும் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு நானே பிழை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சத்தியமாகப் பயந்துவிட்டேன். "ஒரு வார்த்தை தப்பா வராது. போதுமா?" என்றேன். அவள் என் முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்து போனாள்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. மட்டம் தட்டக் கூடாது என்றால் உயர்த்தி வைக்க வேண்டும் என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன். பெரிய ஓட்டல்களில் விருந்துக்கு முன்னால் ஒரு மரப்பலகையில் சீஸும், உப்புப் போட்டு உலர்த்திய இறைச்சியும், பழமும் பருப்புமாக அடுக்கிக் கொண்டுவந்து வைப்பார்களே, அது மாதிரி ஒன்றை என் கையாலேயே செய்து வைத்தால் அவர்களுக்கு எவ்வளவு மரியாதை! உண்மையைச் சொன்னால், எனக்கு இதெல்லாம் தெரியும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதும் அதில் பாதி. பாதி என்ன, முக்கால்.

எனக்கு என்ன தெரியும் என்றால், இவ்வளவுதான். இருபது வருஷத்துக்கு முன்னால் கம்பெனி ஆண்டு விருந்தில் அப்படி ஒரு பலகை வந்தது. வெள்ளைத் தோலோடு ஒரு சீஸ், உள்ளே வெண்ணெய் மாதிரி. நான் கத்தியால் அந்தத் தோலைச் சுத்தமாக உரித்து, தட்டு ஓரத்தில் ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டேன். எங்கள் மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன சார், வாழைப்பழமா உரிக்கறீங்க? அந்தத் தோல்தான் சார் விஷயமே" என்றார். மேஜையே சிரித்தது. மூக்கு உடைந்தது எனக்கு. வீட்டுக்கு வந்து அந்தக் கோபத்தை மனைவியிடம் காட்டினேன். அன்றிலிருந்து சீஸ் என்று யார் பேச்செடுத்தாலும், தோலோடுதான் சாப்பிட வேண்டும் என்று நான் பாடம் எடுப்பது வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்குப் போனேன். சீஸ் கவுண்டரில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெண் இருந்தாள். மிளகு பதித்த சலாமி இறைச்சியை மெஷினில் கொடுத்து வட்ட வட்டமாகச் சீவினாள். ஹாம் என்கிற பன்றி இறைச்சியை ஒரு சீவல் சீவி இரண்டு விரலால் தூக்கி, "இவ்வளவு மெல்லிசு போதுமா சார்?" என்று காட்டினாள். அவள் முகம் அதற்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்தது. வெள்ளைத் தோல் சீஸ் ஒன்று, மஞ்சளாகக் கட்டியாக ஒன்று. அப்புறம் கண்ணாடிக்குள் பளபளவென்று சிவப்பாக உருண்டையாக ஒன்று இருந்தது. பார்வைக்கு அவ்வளவு அழகு. அதையும் கேட்டேன்.

"சாப்பிடறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி எல்லாத்தையும் வெளிய எடுத்து வச்சிடுங்க சார். ஜில்லுன்னு இருந்தா ருசி தெரியாது," என்றாள். "அப்புறம் இந்தச் சிவப்பு இருக்கு பாருங்க, இத நீங்க..."

"தெரியும்மா. இதெல்லாம் நிறைய பாத்தவன் நான்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "சரிங்க சார்" என்று பொட்டலத்தை நீட்டினாள்.

மத்தியானம் இரண்டரைக்கு ஆரம்பித்தேன். சும்மா சொல்லக் கூடாது, வேலை நன்றாக வந்தது. நடுவில் வெள்ளைத் தோல் சீஸ். அதைச் சுற்றிச் சலாமியை நான்காக மடித்து நெருக்கமாக நிறுத்தினேன். ஹாமை லேசாகச் சுருக்கி, துணி விழுந்து கிடப்பது மாதிரி வைத்தேன். திராட்சையைக் கத்தரிக்கோலால் சின்னச் சின்னக் கொத்தாக நறுக்கினேன். ஒரு கிண்ணத்தில் ஆலிவ், இன்னொன்றில் தேன், இடைவெளி தெரிகிற இடத்திலெல்லாம் வாதுமைப் பருப்பு. சிவப்பு உருண்டையின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, எட்டாக வெட்டி, சிவப்பு விளிம்பு வெளியே தெரிகிற மாதிரி விசிறியாக அடுக்கினேன். உறையை அப்படியே அடுப்படி மேடையில் போட்டேன். அதில் லேபிள் இருந்தது. முப்பது வருஷத்தில் நான் படிக்காமல் விட்ட ஒரே லேபிள் அதுவாகத்தான் இருக்கும்.

மூன்றரைக்கு மகள் போன் செய்தாள். அடுத்த ஷிப்டுக்கு வர வேண்டியவர் இன்னும் வரவில்லையாம், கடையை விட்டுக் கிளம்ப முடியவில்லையாம். "நான் வர அஞ்சு மணி ஆயிடும். அதுவரைக்கும் பேச்சைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்கப்பா, ப்ளீஸ்" என்றாள். "நீ நிம்மதியா வாம்மா" என்றேன்.

நான்கு மணிக்கு ஒரு நிமிஷம் முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை, வாசல் மணி அடித்தது. டிரைவர் என்றால் டிரைவர்தான். கட்டைகுட்டையான மனிதர், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். "வாங்க சம்பந்தி" என்றேன். அவருக்கு அந்த வார்த்தை நாக்கில் வரவில்லை. "இருக்கட்டுங்க சார், இருக்கட்டுங்க சார்" என்றபடியே சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். அந்த அம்மா ஒல்லியாக, அதிகம் பேசாதவராக இருந்தார். தோலில் தன் கையால் தைத்த ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டை என்னிடம் கொடுத்தார். பழக்க தோஷம், திருப்பித் திருப்பித் தையலைப் பார்த்தேன். ஒரு இழை கூடப் பிசகவில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

பலகையைக் கொண்டுவந்து வைத்ததும் டிரைவர் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தார்.

"இத எப்படிச் சாப்பிடறதுன்னு நீங்கதான் சார் சொல்லணும்."

கேட்டாரே ஒரு கேள்வி! எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? பிஸ்கட்டின் மேல் எதை வைப்பது, தேனை எதோடு சேர்ப்பது, எதற்குப் பிறகு எது என்று ஆரம்பித்தேன். அவர் சிவப்பு விளிம்புள்ள துண்டு ஒன்றை எடுத்து, கட்டை விரல் நகத்தால் அந்தச் சிவப்பை உரிக்கப் போனார்.

"அடடா, உரிக்காதீங்க. விஷயம் தெரிஞ்சவங்க யாரும் உரிக்க மாட்டாங்க. தோல்தான் முக்கியம்."

அவர் கையைச் சட்டென்று எடுத்துவிட்டார். துண்டை அப்படியே வாயில் போட்டு மென்றார். ரொம்ப நேரம் மென்றார். "நல்லா இருக்குங்க" என்று சொல்லி இரண்டாவதையும் எடுத்தார். அந்த அம்மாவும் ஒன்று எடுத்துக்கொண்டார். நான் பேசிக்கொண்டே இருந்ததில் எதையும் தொடவில்லை. பேச ஆரம்பித்தால் எனக்குப் பசி தெரியாது.

தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனேன். உருண்டையை வெட்டும்போது உடைந்த ஒரு துண்டு அங்கே தட்டில் கிடந்தது. வாயில் போட்டேன். சீஸ் கரைந்துவிட்டது. சிவப்பு கரையவில்லை. கடித்தால் நொறுங்கி, பல் இடுக்கிலெல்லாம் அப்பிக்கொண்டது. ருசி என்று ஒன்று இருந்தால்தானே? வாய்க்குள் மெழுகுவத்தியைக் கடித்த மாதிரி இருந்தது. மேடையில் கிடந்த உறையை எடுத்து விரித்தேன். 'மேலுள்ள சிவப்பு மெழுகை நீக்கியபின் உண்ணவும்.' எழுத்தின் அளவு சரியாக இருந்தது. இடம் சரியாக இருந்தது. வாக்கியம் தெளிவாக இருந்தது. வட்டம் போட ஒன்றும் இல்லை.

காது இரண்டும் சுட்டது. உறையைக் கசக்கிக் குப்பைக் கூடைக்குள் போட்டு, மேலே திராட்சைக் காம்பை அள்ளிப் போட்டு மூடினேன். ஏன் அப்படிச் செய்தேன்? அடுப்படியில் என்னைத் தவிர யாரும் இல்லை. ஆனாலும் மூடினேன்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் தண்ணீரோடு திரும்பினேன். அதற்கு ஒரு வாக்கியம் கூடத் தயாராக வைத்திருந்தேன். "சம்பந்தி, நாம எல்லாருமா சேந்து மெழுகுவத்தி சாப்பிட்டுட்டோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டால் அவர்களும் சிரித்துவிடுவார்கள், கதை அதோடு முடிந்துவிடும். ஒரு நிமிஷ வேலை.

நான் வாயைத் திறப்பதற்குள் டிரைவர் பேசினார்.

"நல்லவேளை சார், நீங்க சொன்னீங்க. போன வருஷம் எங்க டிப்போவுல ஒருத்தர் ரிட்டயர் ஆனாரு. விருந்துல இதே மாதிரி சிவப்பா வச்சிருந்தாங்க. நான் என்ன பண்ணேன் தெரியுங்களா? எல்லாத் தோலையும் உரிச்சு இலை ஓரத்துல வைக்கற மாதிரி வரிசையா வச்சிட்டேன். எத்தனை பேரு பாத்துச் சிரிச்சாங்களோ, தெரியல. இப்ப நெனச்சா கூசுது."

சரியாகச் சாப்பிட்ட மனிதர் அவர். அதற்கு இப்போது என் வீட்டில் உட்கார்ந்து வெட்கப்படுகிறார். சொல்லு, இப்போதாவது சொல்லு என்று எனக்குள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. தண்ணீர் டம்ளரை மேஜையில் வைத்தேன். இவர் என்னைப் பார்க்கிற பார்வையில் இருந்த மரியாதை, இருபது வருஷத்துக்கு முன்னால் அந்த மேஜையில் எனக்குக் கிடைக்காத மரியாதை, அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அப்போது அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். "தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கென்னவோ இது மெழுகு மாதிரி இருக்கு. பட்டறையில தோல் தைக்கறப்ப நூலுக்கு மெழுகு பூசுவோம். பல்லால கடிச்சு அறுப்பேன். வாய்ல இதே மாதிரிதான் ஒட்டும்."

இருபத்தைந்து வருஷம் மெழுகு நூலைக் கடித்த பல். அதற்குத் தெரியாதா?

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது.

"சம்பந்தியம்மாவுக்குப் பட்டறை ஞாபகமே போகலை போல. தட்டுல வைக்கறதையும் நூல்கட்டையா பாத்தா எப்படிங்க? இதெல்லாம் சாப்பிட்டுப் பழகணும்."

தெரிந்தேதான் சொன்னேன். உறையைப் படித்து, கசக்கி, மூடிவிட்டு வந்து சொன்னேன். அதற்கு முன்னால் நான் செய்ததெல்லாம் தெரியாமல் செய்தது, மண்டைக்கனம் என்று விட்டுவிடலாம். இது அப்படி இல்லை.

அவர் முகம் சுண்டிப்போனது. டிரைவர் அவர் பக்கம் லேசாகக் குனிந்து, கடுமையாக இல்லை, கெஞ்சுகிற மாதிரிதான், "தெரியாத விஷயத்துல எதுக்கு வாயைக் கொடுக்கற?" என்றார். என்னைச் சமாதானப்படுத்துவதற்காகவே இன்னொரு சிவப்புத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அந்த அம்மாவும் கையில் பாதி கடித்து வைத்திருந்ததை வாயில் போட்டு, மென்று, விழுங்கினார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து மணிக்கு மகள் மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்டதும் நான் செய்த முதல் காரியம், பலகையில் மீதி இருந்த இரண்டு சிவப்புத் துண்டையும் எடுத்துக்கொண்டு போய்க் குப்பைக் கூடையில் போட்டதுதான். அவள் மருந்துக்கடைக்காரி, பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். மூச்சிரைக்க உள்ளே வந்து, "மாமா, அத்தை, மன்னிச்சுக்கோங்க, ரொம்ப லேட்டாயிடுச்சு" என்றவள் பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அப்பா, இதெல்லாம் நீங்களா பண்ணீங்க?" என்றாள். அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அப்பா ரொம்ப நல்லா கவனிச்சுக்கிட்டாரும்மா," என்றார் டிரைவர். "எல்லாத்தையும் பொறுமையா சொல்லிக் கொடுத்தாரு."

காபி குடித்தார்கள். கப்பலிலிருந்து பையன் அனுப்பியிருந்த படங்களை மகளும் டிரைவரும் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா சும்மா இருக்கிறவர் இல்லை, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் பலகையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நான் காபிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். தாமதமாகிவிட்டது. கூடையில் ஆலிவ் கொட்டைகளைத் தட்டிவிடுவதற்காக மூடியைத் திறந்திருந்தார். நான் அவசரத்தில் போட்ட இரண்டு துண்டும் மேலேயே கிடந்தன. அவற்றின் கீழே திராட்சைக் காம்பு விலகி, உறை பாதி விரிந்து கிடந்தது. அதைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

கோப்பைகளை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் திரும்பினார். உறை திராட்சைக் காம்புக்கு அடியில் புதைந்து கிடந்ததையும், நான் அடுப்படி வாசலில் நிற்கிற கோலத்தையும் வைத்து அவருக்கு எல்லாம் புரிந்திருக்கும். நான் எப்போது படித்தேன் என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"நான்..." என்றேன். முப்பது வருஷம் மற்றவர்கள் எழுதிய வாக்கியத்தைத் திருத்தியவனுக்குச் சொந்தமாக ஒரு வாக்கியம் வரவில்லை.

"விடுங்க," என்றார். "நான் சொன்னது சரியா தப்பான்னு ஒரு சந்தேகம் இருந்துச்சு. அவ்வளவுதான்."

உறையைத் திரும்பவும் கூடைக்குள் போட்டு, குப்பைப் பையின் வாயை இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டார். ஒன்றுக்கு இரண்டு முடிச்சு.

"பொண்ணு கண்ணுல பட்டுடப் போகுது. மொதல்ல இதக் கொண்டுபோய்ப் போட்டுடுங்க. அப்புறம் இவருகிட்டயும் சொல்லிடாதீங்க. உங்களப் பத்தி டிப்போவுல ஒருத்தர் பாக்கியில்லாம சொல்லி வச்சிருக்காரு. படிச்ச சம்பந்தி கிடைச்சிருக்காருன்னு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எதிர்த்துப் பேசத் தெரிந்தவன் நான், திட்டு எனக்குப் பழக்கம். குழாயைத் திறந்து கையைக் கழுவிக்கொண்டு அவர் என்னைத் தாண்டிப் போனபோது, செத்துவிடலாம் போலிருந்தது எனக்கு. குப்பைப் பையை எடுத்துக்கொண்டு பின்படி வழியாக இறங்கிப் போய்ப் பெரிய தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். வாசலில் நான்கு பேரும் நின்றோம். அந்த அம்மா குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். மகள் என் பக்கத்தில் நின்றிருந்தாள். டிரைவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இந்த முறை வார்த்தை வந்துவிட்டது.

"சம்பந்தி, ஒரு விஷயம். இவ ஏதோ தெரியாம உளறிட்டா. மெழுகு கிழுகுன்னு. நீங்க இவ்வளவு சிரமப்பட்டு செஞ்சு வச்சத, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மனசுல வச்சுக்காதீங்க. அவளுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்லப் போகிறேனோ என்று அவள் பயப்படுவது தெரிந்தது. அந்த அம்மா நிமிரவில்லை. செருப்பு வார் எப்போதோ சரியாகிவிட்டது, அவர் விரல் இன்னும் அதிலேயே இருந்தது. சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஒரே ஒரு வரி. அவங்க சொன்னதுதாங்க சரி. அவ்வளவு சொன்னால் போதும்.

"பரவாயில்லீங்க," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிறுத்தவில்லை. "தெரியாமச் சொன்னதுதானே. அதுல என்ன இருக்கு?"

மகள் என் கையைக் கோத்துக்கொண்டு தோளில் சாய்ந்தாள். "தேங்க்ஸ்ப்பா" என்று என் காதில் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

அவர்கள் இறங்கினார்கள். முதல் வளைவு தாண்டியதும் டிரைவரின் குரல் படிக்கட்டு முழுக்க எதிரொலித்து மேலே வந்தது.

"பாத்தியா? எவ்வளவு பெரிய மனசு அவருக்கு."

"ஆமா," என்றார் அந்த அம்மா.